திரும்பி வந்த சேலை

வெயில் இறங்குகிற நேரத்தில் திருநெல்வேலிப் பேட்டையில் அக்கா வீட்டு வாசலில் கூரியர் தம்பி வந்து நிற்பான். முதுகில் தொங்கும் பெரிய பைக்குள், காலையில் கொண்டுபோன கவர்களுக்குப் பதிலாக, அன்றைக்குத் திரும்பி வந்த கவர்கள் இருக்கும். அக்கா அவற்றை வாங்கிக் கட்டிலில் வரிசையாக வைப்பாள். எதையும் உடனே பிரிக்க மாட்டாள். மகன் வந்து போனை ஸ்டாண்டில் மாட்ட வேண்டும். ட்யூப்லைட்டைப் போட வேண்டும். ஃபேனை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கவர் படபடத்து எழுத்து தெரியாது. பிறகு லேபிளில் உள்ள நம்பரைப் போனுக்கு நேராகப் பிடித்துக் காட்டிவிட்டு, கவரைச் சுற்றிலும் திருப்பிக் காட்டிவிட்டு, நிறுத்தாமல் ஒரே வீடியோவாகப் பிரிப்பாள். நடுவில் போன் வந்து வீடியோ அறுந்தால் அது ஆதாரமாகச் செல்லாது.

ஒருநாள் நானும் பக்கத்தில் இருந்தேன். ஓசூருக்குப் போய்த் திரும்பிய ஒரு சேலை. திருப்பியவர் சொன்ன காரணம்: "வேறு பொருள் வந்தது." உள்ளே இருந்தது அக்கா அனுப்பிய அதே சேலைதான். ஆனால் மடிப்பு வேறு. கீழ்க்கரையில் ஃபால்ஸ் தைத்துப் பிரித்த ஊசித் தடம் ஓடியது. ரவிக்கைத் துண்டு வெட்டப்பட்டிருந்தது. முந்தியை விரித்தபோது தோளில் ஊக்குக் குத்திய இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. ஒரு மடிப்புக்குள் காய்ந்த மல்லிகை இதழ் ஒன்று ஒட்டியிருந்தது.

"பாத்தியா தம்பி, முழுசா ஒரு கல்யாணம் பாத்துட்டு வந்திருக்கு" என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. வீடியோவை ஏற்றி, படங்களைச் சேர்த்து, அவள் சேலை விற்கும் இணையத் தளத்தில் முறையீடு போட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. ஆதாரம் போதவில்லையாம். சேலையின் விலை 780 ரூபாய். அது போனதோடு, போக வரக் கூரியர் கூலியும் அவள் கணக்கில் பிடிக்கப்பட்டது.

அந்தச் சேலையை மடித்து வைக்கும்போது எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. அப்பாவும் சேலைதான் விற்றார். அவரிடமும் சேலைகள் திரும்பி வந்தன.

எண்பதுகளில் பேட்டையிலிருந்து சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு போகிற தவணைக்காரர்களில் அப்பாவும் ஒருவர். டவுனில் மொத்தக் கடையில் சரக்கு எடுப்பார். கேரியரில் மூட்டை, ஹேண்டில்பாரில் துணிப்பை, பைக்குள் நீளமான கணக்கு நோட்டு. சேரன்மகாதேவி ரோட்டில் சுத்தமல்லி, நடுக்கல்லூர் என்று ஆற்றங்கரை ஊர்களாகப் போவார். வீட்டுக்கு ஒரு பக்கம் நோட்டில் உண்டு. சேலையைக் கொடுத்துவிட்டு வாராவாரம் ஐந்து, பத்து என்று வாங்குவார். பீடி சுற்றும் வீடுகளில் கூலி போடும் நாள் பார்த்துப் போக வேண்டும். ஒருநாள் தப்பினால் பணம் பலசரக்குக் கடைக்குப் போய்விடும்.

அவர் திண்ணையில் மூட்டையை அவிழ்த்ததும் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். சேலையை வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். ஓரத்தைக் கசக்கிக் கஞ்சி எவ்வளவு என்று பார்ப்பார்கள். எச்சில் தொட்டுச் சாயம் தேய்ப்பார்கள். அரைமணி நேரம் புரட்டிய பிறகுதான் ஒரு சேலை தனியாக எடுத்து வைக்கப்படும். திருப்புகிற வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். வாங்குமுன்பே பத்துச் சேலை திருப்பியாகிவிட்டது அல்லவா?

அதற்கு மேலும் திரும்பி வருவது உண்டு. "ஒரு தண்ணியிலயே வெளுத்துட்டு, பாத்தியளா அண்ணாச்சி" என்று ஒரு ஆச்சி கொண்டுவந்து போட்டால் அப்பா பேசாமல் மாற்றிக் கொடுப்பார். "சாயத்துல விழுந்த பழுது ஆச்சி, நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்பார். சரக்கு எடுத்ததும் முந்தியின் உள்மடிப்பில் ஒரு கலர் நூலை முடிந்துவிடுவது அவர் வழக்கம். எந்தக் கடைச் சரக்கு என்று பிறகு தெரிய வேண்டும். அந்த முடிச்சு இருந்தால் டவுன் கடைக்காரரும் மறுபேச்சின்றி மாற்றித் தருவார்.

பொய்யாகவும் திருப்பினார்கள். ஒரு வீட்டில் ஆனித் தேருக்கு முந்தின வாரம் ஒரு நல்ல சேலை எடுத்தார்கள். தேர் முடிந்து அப்பா போனபோது, "மருமவளுக்குக் கலர் பிடிக்கல, கட்டவே இல்ல" என்று மடித்துக் கொடுத்தார்கள். அப்பா பிரித்துப் பார்த்தார். கரையில் ரத வீதி மண். ஒன்றும் சொல்லாமல் மூட்டையில் வைத்துக்கொண்டு, நோட்டில் அந்த வீட்டுப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அடுத்த மூன்று மாதம் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் மூட்டை அவிழ்ந்தது. அந்த வீட்டு வாசலில் சைக்கிள் நிற்கவில்லை. நான்காவது மாதம் அந்த வீட்டு மாமியாரே வழிமறித்து, "பழச மனசுல வச்சுக்காதீய அண்ணாச்சி" என்று சேலைக்கான பணத்தைக் கொடுத்தார். அப்பா வாங்கிக்கொண்டு பழைய சேலையையும் அவரிடமே கொடுத்தார். புள்ளியை அடித்துவிட்டார்.

இதைச் சொல்லும்போது அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தவணை விலையில் வட்டி மறைந்திருந்தது. பெண்கள் கேட்ட கலர் கிடைக்காது. அண்ணாச்சி கொண்டுவந்த கலர்தான் கிடைக்கும். தெருவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் பொய்யரை மட்டும் கட்டிப்போடவில்லை, நியாயமாகத் திருப்ப வேண்டியவரின் வாயையும் சேர்த்து அடைத்தது. கடைகளிலோ நிலைமை இன்னும் மோசம். பில்லின் அடியில், "விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது" என்ற வரி அச்சாகியிருக்கும். வீட்டுக்கு வந்து பிரித்தால் கிழிசல் இருக்கும். கடைக்காரர் அந்த வரியைக் காட்டுவார். பேச்சு முடிந்தது.

அந்த வரியை எதிர்த்து வாங்குபவர்கள் பல வருடங்கள் போராட வேண்டியிருந்தது. 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்படி அச்சிடுவது முறையல்ல என்று மத்திய அரசின் நுகர்வோர் துறை 1999-ல் சொன்னது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியது: பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை. திருப்பிக் கொடுக்கும் உரிமை சும்மா கிடைத்ததல்ல. அக்கா படும் பாட்டைப் பார்த்துவிட்டு அந்த உரிமையைக் குறைக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

முகம் தெரியாமல் வாங்குவதும் விற்பதும்கூட இணையம் கொண்டுவந்த புதுமை அல்ல. தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பொருளை வாங்கும் வி.பி.பி. முறை இந்தியாவில் 1877-லேயே தொடங்கிவிட்டது. இன்றைய கேஷ் ஆன் டெலிவரிக்குத் தாத்தா அது. எஸ்.எஸ்.வாசன் 1928-ல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன்னால் வி.பி.பி.யில் பொருள் அனுப்பும் வியாபாரம்தான் செய்துவந்தார். வி.பி.பி.யில் பணம் கட்டிய பிறகுதான் பார்சலைப் பிரிக்க முடியும். அதனால் அன்றைக்கு ஏமாற்ற வசதி விற்பவருக்கு இருந்தது. கடிகாரம் கேட்டவருக்குச் செங்கல் வந்த கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பார்சல் வந்ததும் "வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். ஏழு நாள் தபால் ஆபீசில் கிடந்து அது திரும்பிப் போகும். தபால் செலவு விற்றவருக்கு நட்டம். அந்த நட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது, பெயர்தான் ஆர்.டி.ஓ. (ரிட்டர்ன் டு ஒரிஜின்) என்று மாறியிருக்கிறது. ஆர்டர் போட்டவர் வீட்டில் இல்லை, போனை எடுக்கவில்லை, மனம் மாறிவிட்டது. கவர் பிரிக்கப்படாமலே பேட்டைக்குத் திரும்பும். அக்கா அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. "சரக்கு பத்திரமா வந்துட்டுல்லா, அது போதும்" என்பாள்.

அவளை உறுத்துவது பிரித்துத் திரும்பும் கவர்கள்தான்.

அக்கா முதலில் பீடி சுற்றினாள். பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் எத்தனையோ வீடுகளில் நடக்கும் வேலை. மடியில் முறத்தை வைத்து, இலையைத் தகட்டளவுக்கு வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்குவது. கட்டை எடுத்துக்கொண்டு பீடிக்கடைக்குப் போனால் அங்கே ஒருவர் பிரித்துப் பார்த்துக் கழிப்பார். இது தளர்ச்சி, இது குட்டை, இது இலை ஓட்டை. கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. ஆனால் பீடியும் திரும்பக் கிடைக்காது. கழித்ததில் எத்தனை உண்மையிலேயே கழிசல் என்று கேட்க முடியாமல் வீட்டுக்கு வந்து அழுத பெண்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

இந்தப் பழைய வழக்கை இங்கே இழுக்க ஒரு காரணம் இருக்கிறது. 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இந்தக் கழிவுத் தகராறைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. முதலாளி பீடியைக் கழிப்பது பற்றியும், கழித்ததற்குக் கூலி தருவது பற்றியும் தகராறு வந்தால் அதைத் தீர்க்க மாநில அரசு ஓர் அதிகாரியை விதிப்படி குறிப்பிட வேண்டும் என்று அதன் 39-ஆம் பிரிவு சொன்னது. நடைமுறையில் எத்தனை பெண்கள் அந்த அதிகாரியிடம் போனார்கள் என்பது வேறு பேச்சு. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணின் சரக்கை ஒருவர் கழித்தால், கழித்தது சரியா என்று பார்க்க மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும் என்பதை அன்றைக்குச் சட்டம் செய்தவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு அக்காவின் சரக்கைக் கழிப்பவர் ஓசூரில் இருக்கிறார். கழித்தது சரி என்று தீர்ப்புச் சொல்வது சரக்கை விற்றுக் கமிஷன் வாங்கும் அதே தளம். மூன்றாவது ஆள் கிடையாது.

நைட்டி தைத்தும் சேலை வாங்கியும் விற்கும் அக்கா இணையத்துக்கு வந்தது தாமதமாகத்தான். அமேசான் இந்தியாவில் கடை திறந்தது 2013-ல். சின்ன ஊர்ச் சின்ன வியாபாரிகளைக் குறிவைத்த மீஷோ 2015-ல் தொடங்கியது. ஆனால் இணையத் தளத்தில் பொருள் விற்க, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல்தான், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சின்ன வியாபாரிகளுக்கு அந்தக் கட்டாயம் தளர்ந்தது. அதன் பிறகு எங்கள் தெருவிலேயே நைட்டி தைப்பவர், சேலை விற்பவர், பத்தமடைப் பாய் விற்பவர் என்று நாலைந்து பெண்கள் இறங்கினார்கள். பீடித் தூள் வாடை இல்லாத வேலை. போனில் ஆர்டர் மணி அடிப்பதே அவர்களுக்குச் சந்தோஷம். கோயம்புத்தூரில் ஒருத்தி தன் சேலையைக் கட்டிப் படம் போட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்ததை அக்கா ஒரு மாதம் எல்லோருக்கும் காட்டினாள். பேட்டையை விட்டுப் போகாத ஒரு பெண்ணுக்கு அப்பாவின் சைக்கிள் எட்டாத ஊர்களையெல்லாம் இந்தத் தளங்கள் திறந்துவிட்டன. அதை மறுக்க முடியாது.

ஆனால் "பிடிக்கவில்லையா? எளிதாகத் திருப்பலாம்" என்று வாங்குபவருக்கு வாக்குக் கொடுத்தது தளம். அந்த வாக்கைக் காப்பாற்றும் செலவு அக்காவுடையது. திருப்புபவர் வீட்டு வாசலில் கவரை வாங்குவது தளம் அனுப்பிய ஆள். விலை உயர்ந்த போன் என்றால் பிரித்துப் பார்த்துக் கொடுக்கவும் வாங்கவும் முறை இருக்கிறது. 350 ரூபாய் நைட்டிக்கு யார் பிரித்துப் பார்ப்பார்கள்? ஒரு நாளில் இத்தனை வீடு என்று கணக்கு வைத்து ஓடும் அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. கவர் கிடைத்ததா, ஸ்கேன் செய்தாரா, அடுத்த வீடு. அந்த ஸ்கேன் விழுந்ததும் வாங்கியவருக்குப் பணம் போகும் ஏற்பாடு நடக்கத் தொடங்கிவிடும். கவருக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பவர் பேட்டையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அக்காதான்.

அவள் பார்த்தவற்றில் சில: புது நைட்டிக்குப் பதில் சாயம் போன பழைய நைட்டி. மூன்று அனுப்பியதில் இரண்டு மட்டும். ஒருமுறை ஒரு குழந்தையின் கிழிந்த கவுன். வீரவநல்லூர்ப் பக்கம் கைத்தறிச் சேலை எடுத்து விற்கும் ஒருவர் சொன்னது இன்னும் கொடுமை. கைத்தறிச் சேலை போய், அதே நிறத்தில் விசைத்தறிச் சேலை திரும்பி வந்திருக்கிறது. வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டுக்குப் பின்னால் தறியில் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருப்பவரின் நாட்கணக்கான உழைப்பு இருக்கிறது. மாற்றி அனுப்பியவர் அதை ஒரு கவருக்குள் முடித்துவிட்டார்.

பெரிய அளவிலும் இது நடக்கிறது. 2017-ல் டெல்லியில் 21 வயது இளைஞர் ஒருவர், ஆர்டர் செய்த போன்கள் வெறும் பெட்டியாக வந்தன என்று சொல்லிச் சொல்லியே 166 போன்களுக்குப் பணம் திரும்ப வாங்கியதாகப் போலீஸ் பிடித்தது. தொகை ஏறத்தாழ 50 லட்சம். அந்த அளவு நட்டம் என்றால் பெரிய கம்பெனி வக்கீல் வைத்து வழக்குப் போடும். அக்காவுக்கு 780 ரூபாய். ஏமாற்றுக்குப் பாரதிய நியாய சம்ஹிதையில் 318-ஆம் பிரிவு இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு ஓசூர்க்காரர்மீது புகார் கொடுக்க அவள் பேட்டை ஸ்டேஷனுக்குப் போவாளா? போனால் ஒருநாள் தையல் போகும். வாங்குபவருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், நுகர்வோர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. எல்லாம் தேவையானவைதான். பொய் ரிட்டர்னால் நட்டப்பட்ட சின்ன வியாபாரியின் முறையீட்டுக்கு இதேபோல ஒரு கெடு எங்கே?

அதனால் அவரவர் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்கிறார்கள். வீடியோ ஒன்று. சேலையில் எளிதில் கழற்ற முடியாத டேக் தைத்து, "இதை அறுத்தால் ரிட்டர்ன் இல்லை" என்று சீட்டு வைப்பது ஒன்று. அனுப்புமுன் எடை போட்டுப் படம் எடுத்து வைப்பது ஒன்று. சிலர் ரிட்டர்ன் நட்டத்தை விலையிலேயே ஏற்றிவிட்டார்கள். அதாவது ஒழுங்காக வாங்குகிறவர் பத்து இருபது அதிகம் கொடுக்கிறார், உடுத்தித் திருப்பியவரின் கல்யாணச் சேலைக்காக. இதைவிட அநியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வேறு சிலர் தளத்தையே விட்டுவிட்டு வாட்ஸாப் குரூப்பில் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்கிறார்கள். அப்பாவின் நோட்டுக்கே திரும்பியது மாதிரி. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து ஐந்து நட்சத்திரம் கொடுத்த பெண் அந்தக் குரூப்பில் இருக்க மாட்டாள்.

அக்கா என்ன செய்கிறாள் தெரியுமா? நைட்டியின் உள் தையலில், வெளியே தெரியாத இடத்தில், பச்சை நூலால் இரண்டு தையல் போடுகிறாள். சேலை என்றால் முந்தியின் உள்மடிப்பில் ஒரு பச்சை முடிச்சு. "எதுக்குக்கா?" என்று கேட்டேன். "என் சரக்கு எதுன்னு எனக்காவது தெரியணும்லா" என்றாள். அப்பா முடிச்சுப் போட்டதை அவள் பார்த்திருக்கிறாள். அப்பாவின் முடிச்சை டவுன் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். அக்காவின் முடிச்சைத் தளம் ஏற்பதில்லை.

விற்பவர் எல்லோரும் யோக்கியர் என்று சொல்லவில்லை. படத்தில் பட்டுப்போல் மின்னுவதைக் காட்டிவிட்டுக் கொசுவலை மாதிரி துணியை அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏமாந்தவர்தான் அடுத்த கடைக்காரரிடம், "இவங்களும் அப்படித்தான்" என்று கூசாமல் பொய்க் காரணம் போடுகிறார். அப்பாவின் தெருவில் ஒருவர் செய்த தவறு அவரவர் பக்கத்தில் புள்ளியாக விழுந்தது. இங்கே ஒருவர் செய்ததற்கு வேறொருவர் கட்டுகிறார்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். திருப்பும் கவரை வாசலில் வாங்குவது தளத்தின் ஆள். பார்க்காமல் வாங்கிய நட்டத்தைத் தளம்தான் ஏற்க வேண்டும். அந்த ஆளுக்குப் பிரித்துப் பார்க்க நேரமும் அதற்கான கூலியும் கொடுக்க வேண்டும். விற்பவரின் முறையீட்டை நிராகரித்தால் என்ன ஆதாரம் குறைந்தது என்று எழுத வேண்டும். அதற்கு மேல், தளத்துக்கு வெளியே, மாவட்ட அளவில் கேட்க ஒருவர் வேண்டும். பீடி சுற்றிய பெண்ணுக்கு 1966-ல் எழுதி வைத்ததைச் சேலை விற்கும் பெண்ணுக்கு இன்று எழுத முடியாதா?

அது வருகிறபோது வரட்டும். இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பிடிக்காததைத் திருப்புங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ரிட்டர்ன் போடும்போது போன் திரையில் காரணங்கள் வரிசையாக வரும். அளவு சேரவில்லை என்றால் "அளவு சேரவில்லை" என்றே தொடுங்கள். மனம் மாறிவிட்டது என்றால் அதையே தொடுங்கள். கூரியர் கூலி மிச்சம் என்று "பழுது", "வேறு பொருள்" என்று தொட்டால், அந்தக் கூலியும் ஒரு கறுப்புப் புள்ளியும் பேட்டையில் ஒருத்தியின் கணக்கில் விழும். அந்தப் புள்ளியை அடிக்க அவளால் உங்கள் வாசலுக்கு வர முடியாது.